இசைத்தட்டும் இரசிகர் தீர்ப்பும்

"கிட்டப்பாவின் குரல் தேன்" என்றார் ஒருவர். "தேனன்று, தேனீயின் கொடுக்கு" என்றார் மற்றொருவர். பினாங்குத் துறைமுக நகரில், குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு அணித்தே, நண்பர் ஒருவரின் மாடியறையில் நிகழ்ந்த வழக்கு இது. முன்னவர் நகரத்தில் பிறந்தவர். தந்தையார் வாங்கி வைத்த பெரிய கிராமபோன் பெட்டியில் அப்பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர். பின்னவர் கடலுக்கு அக்கரையில், செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். கங்காணி வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் சாவி கொடுக்கப்பெற்ற சிறு பெட்டியே அவருக்குச் சங்கீத சபை. இருவரும் எண்பதை நெருங்கும் முதியோர். வழக்கு முற்றிற்று. முடிவில் நகரத்துப் பெரியவர், "தோட்டத்துக் காதுக்கு அவ்வளவுதான் எட்டும்" என்று ஒரு சொல் சொன்னார். தோட்டத்துப் பெரியவர் மறுமொழி கூறவில்லை. வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். லயத்தில் வாழ்ந்தோர்க்கு லயம் தெரியாது என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக உலவி வருவது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என மேடையில் முழங்குகின்றோம். ஆனால் செவியில் மட்டும் ஒரு சாதியை ஒளித்து வைத்திருக்கின்றோம். நகரச் செவி மேற்சாதி, தோட்டச் செவி கீழ்ச்சாதி! இருவரும் கேட்டது ஒரே தட்டுத்தானே, ஆகவே வேற்றுமை செவியிலேதான் இருத்தல் வேண்டும் என்பது இத்தீர்ப்பின் அடிப்படை. இவ்வடிப்படையே பிழை. பாடுவோர் தொண்டைக்கும் கேட்போர் செவிக்கும் இடையே எத்தனை கைகள் புகுந்திருக்கின்றன என்பதை வரலாற்று முறையில் நோக்குவோமாயின் அது விளங்கும்.

நம் நாட்டில் இசை தட்டிலேறிய கதை 1902-ல் தொடங்குகிறது. இலண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் தங்கி, கௌகர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிந்தார். அங்கிருந்து கிழக்கு நாடுகளைச் சுற்றி, 1903-ல் சிங்கப்பூரையும் அடைந்து மலாய்ப் பாட்டுக்களைப் பதிந்தார். கௌகர் ஜானின் தட்டுக்களில் பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது கேட்கும். இரசிகர் பலர் இதனைச் செருக்கென்று எண்ணினர். வேறு பலர் இதற்காகவே அவரை நேசித்தனர். உண்மை யாதெனில், அத்தட்டுக்கள் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து ஆலையில் வார்க்கப்பெற்றன. இது யார் பாட்டு என்று அங்குள்ள தொழிலாளி அறிந்து சீட்டு ஒட்டுதற்காகவே அவ்வறிவிப்பு. ஆலையின் தேவை பாடகியின் குணமாகிவிட்டது பாருங்கள்.

அக்காலத்துப் பதிவில் மின்சாரம் இல்லை, ஒலிவாங்கி இல்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய ஊதுகொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு. தகட்டில் ஓர் ஊசி. ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. குரலின் வலிமை ஒன்றே ஊசியை அசைக்கும். வலிமையில்லாத குரல் மெழுகில் விழாது. ஆகவே பாடுவோர் கொம்பின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாடுதல் வேண்டும். உச்சத்தில் ஏறுங்கால் தலையைப் பின்வாங்குதல் வேண்டும். இல்லையேல் ஊசி துள்ளிப் பதிவு கெடும்.

இக்காலத்தார் 'மிக்சிங்' என்று கூறும் ஒலிக்கலவை அன்றும் உண்டு. ஆனால் அது அடிக்கணக்கில் நடந்தது. பாடுவோர் முன்னே, பிடில் சற்றுத் தள்ளி, மிருதங்கம் அதற்கும் அப்பால். கொட்டுவாத்தியத்தின் அடிநாதத்தை அக்கருவி நன்கு வாங்காது. மிக அருகில் வைத்தாலோ ஊசி தாங்காது. ஆகவே அந்நாளையத் தட்டுக்கள் பலவற்றில் மிருதங்கம் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்கும், அல்லது கேளாமலே போகும். ஆர்மோனியத்தின் கூரிய ஒலியோ கொம்புக்குள் எளிதில் புகும். மேனாட்டிலே பிடிலின் ஒலி போதாமையால் மரவயிற்றை நீக்கி உலோகக் கொம்பு பூட்டிய ஒரு பிடிலையே ஸ்ட்ரோ என்பவர் செய்துவிட்டார். அதற்கு 1899-ல் காப்புரிமையும் பெற்றார். கருவியைக் கலைக்கு இசைவிப்பதை விட்டுக் கலையைக் கருவிக்கு இசைவித்த காலம் அது.

இதன் விளைவு என்ன? தட்டையே கேட்டு வளர்ந்தோர், பாட்டு என்றால் உரத்த குரல், கூரிய குரல், ஏறிய சுதி என்று கொண்டனர். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிட அளவுக்குமேல் இடமில்லை. மூன்று நிமிடத்தில் இராகம், பல்லவி, அனுபல்லவி, சரணம் யாவும் முடிதல் வேண்டும். நான்கு மணி நேரக் கச்சேரியில் மெல்ல மலரும் இராகத்தைச் சிமிழில் அடைத்துக் கொடுத்தார்கள். சிமிழில் விரைவே அழகாகத் தோன்றும். மின்னல்போல் பிருகா உதிர்ப்பவர் மேதை என்றும், நிதானமாக நின்று பாடுபவர் சரக்கில்லாதவர் என்றும் இரசிகர் பேசத் தொடங்கினர். சபைக்குப் போகும் வாய்ப்பிருந்தோர் இரண்டையும் ஒப்பிட்டுத் தெளிந்திருக்கக்கூடும். தோட்டத்தாருக்கு ஏது சபை?

இங்கே மற்றொன்றையும் கூறுதல் கடமை. தொடக்கத்தில் சாத்திரம் கற்ற ஆண் வித்துவான்கள் பலர் கொம்பின் முன் நிற்கத் தயங்கினர். இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். தெருவில் போவோர் வருவோர் எல்லாம் கேட்பார்களே என்ற குலப்பெருமை மற்றொருபுறம். துணிந்து நின்றோர் பெண்டிர். அவருள்ளும் கோயிற் பணிக்கெனப் பொட்டுக்கட்டப்பெற்ற குலத்துப் பெண்டிரே மிகுதி. சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனக்கோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் பெயர்கள் பழந்தட்டுக்களின் சீட்டில் மின்னுகின்றன. சமூகம் எவரை விளிம்பில் வைத்ததோ அவர் குரலே கப்பலேறிக் கடல் கடந்தது. பினாங்கில் அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவனும் அதனைக் கேட்டான். கேட்க வராதே என்று அவனைத் தடுக்கக் கிராமபோனின் வாசலில் எவரும் நிற்கவில்லை.

கோயமுத்தூர் தாயியின் தட்டைப் பற்றி ஒரு செய்தி. மோரிஸ் தெலாழ் என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் 1912-ல் இந்தியாவில் பயணம் செய்தார். தாயியின் பாட்டில் உள்ளம் பறிகொடுத்து, அவர் பாடிய தட்டொன்றைப் பின்பற்றி 'ராகமாலிகா' என்ற உருப்படியை இயற்றினார். அதற்குப் பியானோ துணை. நம் கொட்டுவாத்தியத்தின் ஓசை வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்தியை அமுக்கி, நாதத்தை மழுக்கி வாசிக்குமாறு அவர் எழுதிவைத்தார். பாரிசிலே இருந்த நல்ல செவி ஒன்று, தட்டு தந்த ஒலியையும் சேர்த்தே தாயியின் கலையாக ஏற்றுக்கொண்டது. அவரைத் 'தோட்டத்துக் காது' என்பாருண்டோ?

இனிப் பினாங்குக்கு வருவோம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிவந்த கப்பல்களுக்கு இத்துறையே முதல் வாயில். 1926-ல் வெள்ளோட்டம் கண்ட 'ரஜூலா' ஏறத்தாழ 47 ஆண்டுகள் இக்கடலில் உழைத்தது. கூலியாய் வந்தோர் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாட்கழித்துத் தோட்டங்களுக்குச் சென்றனர். தமிழ்நாட்டுத் தட்டுக்களும் அதே கடலைக் கடந்தே வந்தன. தட்டு என்பது அரக்கு. அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. எளிதில் உடையும். உடையாது தப்பியதும் உருக்கு ஊசியின் வாய்ப்பட்டுத் தேயும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. கூலிக்காரன் வீட்டிலே ஓர் ஊசி ஒரு வாரம் உழைத்தது. மழுங்கிய ஊசி தட்டின் பள்ளத்தை உழுது, முதலில் மேல்நாதத்தைத் தின்னும். பிறகு சொற்களின் மெய்யெழுத்துக்களைத் தின்னும். 'உச்சரிப்புச் சரியில்லை' என்று பாடகர் மீது குற்றம் விழும்!

1934-ல் பினாங்கு வானொலிச் சங்கத்தார் 'இசட் எச் ஜே' என்னும் நிலையத்தை அமைத்து, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பினர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு இந்நகரின்மேல் விழுந்தது. சென்னைக் கப்பல் நின்றது. அதனோடு புதுத் தட்டின் வரவும் நின்றது. இருந்த தட்டுக்களே மீண்டும் மீண்டும் சுழன்றன. போருக்குப்பின் பிறந்த பிள்ளைகள் கேட்ட கிட்டப்பா அந்தத் தேய்ந்த கிட்டப்பாவே.

கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933-ல், முப்பது வயதை எட்டாமலே மறைந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக் காலணா டிக்கட்டுக்காரனுக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் அது. சுதியோ மிக உயர்ந்தது. அக்குரல் தட்டிலே பதிந்தபோது தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது என்பது ஏற்பாடு. கேட்கும் பெட்டி 83 முறை சுழன்றால் என்னாகும்? சுதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். குரல் மெலியும், பிருகா சிதறும், தேன் கொடுக்காகும். சாவி இறங்கிப் பெட்டி தளர்ந்தாலோ இளைஞர் குரல் கிழவர் குரலாகும். தோட்டத்தில் ஒரே சாவியில் பாட்டு முழுதும் ஓடி முடியட்டும் என்று வேகத் திருகை எல்லை வரை தள்ளிவைப்பது வழக்கம். தோட்டத்துப் பெரியவர் கேட்டது 83-ன் கிட்டப்பா. நகரத்துப் பெரியவர் கேட்டது 78-ன் கிட்டப்பா. இருவர் செவியும் பழுதில்லை. இருவரும் கேட்டது ஒரே தட்டு, ஒரே பாட்டன்று.

1925-ல் ஒரு பெரும் மாறுதல் நேர்ந்தது. மேனாட்டில் ஒலிவாங்கி கொண்டு மின்சார முறையில் பதிவு செய்யலாயினர். சில ஆண்டுகளில் அம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1926-ல் மதுரையிலிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் குரல் தட்டிலேறியது. அச்சிறுமியே பின்னாளில் உலகறிந்த எம். எஸ். சுப்புலட்சுமி. முணுமுணுத்தாலும் போதும், ஒலிவாங்கி அதனை வாங்கிக்கொள்ளும். உரத்துப் பாடுவதே பாட்டு என்ற காலம் மெல்லச் சாய்ந்தது. மென்குரலார் எழுந்தனர். நம் பினாங்கு மண்ணில் 1929-ல் பிறந்த பி. ரம்லியை எண்ணிப் பாருங்கள். இந்நகரத்தில் அவருக்கு முன்னிருந்த பங்சாவான் கூத்து மேடையில் நிற்பவர் கொட்டகை அதிரப் பாடுதல் வேண்டும். ரம்லியின் குரலோ காதருகே அமர்ந்து பேசுவது போன்றது. ஒலிவாங்கி வாராதிருப்பின் அவரைத் தீவு கடந்து எவர் அறிந்திருப்பர்?

ஆனால் ஒலிவாங்கி எல்லார்க்கும் நீதி வழங்கிற்று என்று கூற நான் ஒருப்படேன். வீணை தனம்மாளின் கதை அதற்குச் சான்று. சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு; அங்கே இராமகிருஷ்ண செட்டித் தெருவில் அவர் இல்லம். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். அறை சிறியது, வந்திருப்போர் சிலர், இருமுவதற்கும் அஞ்சி அமர்ந்திருப்பர். மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் அந்த இறுதித் துளியில்தான் அவர் கமகம் உயிர்க்கும் என்பர். 1930-களின் முற்பகுதியில் அவர் வீணை தட்டிலேறியது. 1938-ல் அவர் மறைந்தார். தட்டில் ஊசியின் இரைச்சல் எப்போதும் உண்டு. அந்த இறுதித் துளி விழுகிற இடத்தில் இரைச்சல்தான் கேட்கிறது. "இதற்கா இத்தனை புகழ்?" என்று இங்கே நம்மவர் கேட்டதுண்டு. கேள்வியில் குற்றமில்லை. தனம்மாளை அவர்கள் கேட்கவில்லை. தனம்மாள் இருந்த அறையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்கள்.

போருக்குப்பின் காந்த ஒலிநாடா வந்தது. பாட்டை ஒரே மூச்சில் பதியவேண்டும் என்ற நிலை மாறிற்று. குரல் ஒரு தடத்தில், தாளம் ஒரு தடத்தில், தந்தி ஒரு தடத்தில் எனத் தனித்தனியே பதிந்து, பின்னர் மேசையின் முன் அமர்ந்து ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிக் கலக்கலாயினர். முன்பு கால் நடந்து செய்த கலவையை இப்போது விரல் செய்தது. பாடகரும் வாத்தியக்காரரும் வீட்டுக்குப் போன பிறகு வேறொருவர் இருந்து பாட்டைப் 'பாடி' முடிக்கும் காலம் பிறந்தது.

இதன் விளைவை முற்றக் கண்டவர் ராக் என்னும் மேனாட்டு இசையின் அன்பர். இத்துறைமுகத்துக் கடைகளிலும் அத்தட்டுக்கள் விற்றன. இன்று நம் பேரப்பிள்ளைகள் கிட்டப்பாவுக்குப் பதிலாக அவற்றை வைத்து வழக்காடுகின்றனர். நாய்ச்சின்னத் தட்டின் கம்பெனியும் கொலம்பியாவும் 1931-ல் இணைந்து பிறந்ததே இ. எம். ஐ. அக்கம்பெனிக்குப் பாடியவர் பீட்டில்ஸ் நால்வர். 1969 ஜனவரியில் அவர்கள் எளிய முறையில் பதிந்த பாட்டுக்களைப் பில் ஸ்பெக்டர் என்பவர் 1970-ல் கையிலெடுத்து, அவற்றுட் சிலவற்றின்மேல் தந்தி வாத்தியக் குழுவையும் பெண்டிர் கூட்டுக்குரலையும் ஏற்றி 'லெட் இட் பீ' என வெளியிட்டார். பாட்டை ஆக்கிய பால் மெக்கார்ட்னி மனம் வெதும்பினார். 33 ஆண்டு கழித்து, 2003-ல், அவ்வணிகளைக் களைந்த பதிப்பு வெளிவந்தது. இரசிகர் இரு கட்சியாயினர். வியப்பு யாதெனில், ஆக்கியவரே வெறுத்த அணியைத் தம் இளமையோடு சேர்த்து நேசித்தோர் பலர், களைந்த பதிப்பை 'மொட்டை' என்றனர்.

மெட்டாலிக்கா என்ற குழுவின் கதை இன்னும் கொடிது. அவர்களுடைய 1988-ம் ஆண்டுத் தொகுப்பில் ஜேசன் நியூஸ்டெட் என்ற புதியவர் பேஸ் கித்தார் வாசித்தார். கலவையில் அவர் தந்தி கேளாதவாறு இறக்கப்பட்டது. விபத்தில் மாண்ட முன்னவருக்கு இவர் ஈடாவாரா என்று இரசிகர் எடை போடக் காத்திருந்த வேளை அது. தராசில் வைக்க ஒன்றுமே இல்லாது போயிற்று. 2008-ல் அதே குழுவின் 'டெத் மேக்னெடிக்' வெளிவந்தபோது ஒலி முழுவதும் உரக்க உரக்க நெருக்கப்பட்டு நாதம் சிதைந்தது என்று முறையிட்டனர். அதே பாட்டுக்கள் ஒரு விளையாட்டுக் கருவிக்காக அவ்வளவு நெருக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் கேட்ட ஆயிரக்கணக்கானோர் தொகுப்பைத் திரும்பக் கலந்து தரவேண்டும் என்று விண்ணப்பம் விடுத்தனர். ஒப்பிட்டுக் கேட்க இரண்டாவது பதிவு கிடைத்ததாலன்றோ அவர்கள் குற்றத்தைப் பாடியவர் தலையில் ஏற்றாமல் கலந்தவர் தலையில் ஏற்றினர்? நம் கங்காணி வீட்டுத் திண்ணைக்கு இரண்டாவது பெட்டி எங்கிருந்து வரும்!

தமிழ்ப் பாட்டிலும் இவ்வழக்கு ஓயவில்லை. 1992-ல் 'ரோஜா' வந்தபோது, சென்னையில் தம் இல்லத்துப் பதிவறையில் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த அந்த ஒலியைச் சிலர் புதுமை என்றனர். சிலர் சொல்லை ஓசை விழுங்கிற்று என்றனர். அப்பாட்டின் அடியோசை நல்ல பெட்டியில் தரையை அதிர வைக்கும். உள்ளங்கையளவுப் பெட்டியில் இறங்கவே இறங்காது. ரஹ்மானின் பாட்டுக்களைப் பதிந்து கலந்தவருள் முதன்மையானவர் எச். ஸ்ரீதர். 2008-ல் மறைந்த அவர் தேசிய விருதுகள் பெற்றவர். அவர் பெயரை நம் அன்பர்களுள் எத்தனை பேர் அறிவர்? பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் நாவில் நிற்கின்றன. கலந்தவர் பெயர் உறையின் அடியில் எறும்பெழுத்தாய்க் கிடக்கிறது.

மாடியறைக்கு மீள்வோம். நண்பரிடம் சாவி கொடுக்கும் பழைய பெட்டியொன்று இன்றும் உண்டு. கிட்டப்பாவின் தட்டொன்றை எடுத்துத் துடைத்துப் புது ஊசி பொருத்தினார். சுழலும் தட்டின்மேல் ஒரு காகிதத் துணுக்கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு 78 என எண்ணி அமைத்தார். பாட்டு ஓடிற்று. தோட்டத்துப் பெரியவர் வெற்றிலைப் பையை மடியில் வைத்தபடியே கேட்டார். முடிந்ததும், "நல்ல குரல்தான், ஆனால் எங்கள் திண்ணையில் பாடியவர் இவரில்லை" என்றார். நண்பர் திருகைத் தள்ளி மறுபடியும் ஊசியை வைத்தார். குரல் மெலிந்து, கூர்த்து, விரைந்தது. "ஆம், இவர்தான்" என்று தோட்டத்துப் பெரியவர் சிரித்தார்.

நகரத்துப் பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதை இன்னொரு முறை வையுங்கள்" என்றார்.